ஏழு கடல் தாண்டி வரும் ஒலியை வீட்டு விளக்கு விழுங்குகிறது!

உலகத்தில் மிக மெல்லிய ஓசைகளைத் தேடி அலையும் ஒரு கூட்டம் இருக்கிறது.

அவர்கள் ஒற்றர்கள் அல்ல. டாக்டர், ஆசிரியர், கடைக்காரர், ஓய்வு பெற்ற ரெயில்வே ஊழியர் என்று எல்லோரும் சாதாரண மனிதர்கள். ஊர் அடங்கிய பிறகு இவர்கள் ரேடியோவுக்கு முன்னால் உட்காருகிறார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக் கொள்கிறார்கள். "சர்ர்..." என்ற இரைச்சலுக்கு நடுவே கொசு பாடுவது போல ஓர் ஓசை கேட்கிறதா என்று தேடுகிறார்கள். அந்த ஓசை பூமியின் மறுபக்கத்தில் இருந்து வருகிறது. அதை அனுப்புகிறவரும் இவரைப் போலத் தூங்காத ஒரு மனிதர்தான்.

இந்தக் கூட்டத்துக்கு இப்போது ஓர் ஆபத்து வந்திருக்கிறது. நம் வீட்டில் எரியும் எல்.இ.டி. விளக்குதான் அந்த ஆபத்து! மாடியில் வைத்திருக்கும் சூரியத் தகடு, செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் சின்னப் பெட்டி ஆகியவையும் அதற்குக் கூட்டு.

விளக்குக்கும் ரேடியோவுக்கும் என்ன பகை? பார்ப்போம்.

அமெச்சூர் என்றால் யார்?

பணத்துக்காக இல்லாமல் ஆசைக்காக ஒரு வேலையைச் செய்பவரை "அமெச்சூர்" என்று சொல்வார்கள். ரேடியோவிலும் அமெச்சூர்கள் உண்டு. அரசாங்கம் பரீட்சை வைத்து இவர்களுக்கு லைசென்சு கொடுக்கிறது. லைசென்சு வாங்கியவர் தம் வீட்டிலேயே ஒலி அனுப்பும் நிலையம் வைத்துக் கொள்ளலாம். பாட்டு வைக்கக் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது. தம்மைப் போன்ற இன்னொரு லைசென்சுக்காரருடன் பேசலாம். அவ்வளவுதான்.

இவர்களுக்கு "ஹாம்" என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. நமது பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி ஒரு ஹாம். ஜோர்டான் நாட்டு மன்னராக இருந்த உசேனும் ஒரு ஹாம். மன்னராக இருந்தாலும் மளிகைக் கடைக்காரராக இருந்தாலும் ரேடியோவில் எல்லோரும் சமம்.

எத்தனை நாடுகளைப் பிடித்தோம் என்பதுதான் இவர்களுக்குப் பெருமை. தீவுகளையும் தனித்தனியாகக் கணக்கில் சேர்த்து 340 இடங்கள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பேசி முடித்ததும் இருவரும் ஒருவருக்கு ஒருவர் அட்டை அனுப்பிக் கொள்வார்கள். அந்த அட்டைதான் சாட்சி. 100 இடங்களைப் பிடித்து விட்டால் பத்திரம் கிடைக்கும்.

இதில் எளிய வழியும் உண்டு. கடினமான வழியும் உண்டு. சிற்றலையில் பேசுவது எளிது. தாழ்ந்த அலையில் பேசுவது கடினம்.

ரேடியோ அலைகள் எல்லாம் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. வினாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர்! ஆனால் அதிர்வு வேறு வேறு. நாம் கேட்கும் எப்.எம். ரேடியோவின் அலை வினாடிக்குச் சுமார் 10 கோடி தடவை அதிர்கிறது. அதன் நீளம் 3 மீட்டர். தாழ்ந்த அலை என்று ஹாம்கள் சொல்வது வினாடிக்கு 18 லட்சம் முதல் 20 லட்சம் தடவை மட்டுமே அதிரும். அதன் நீளம் சுமார் 160 மீட்டர். மத்திய அலை ரேடியோவில் முள்ளைக் கடைசி வரை தள்ளினால், அந்தக் கோடிக்கு அடுத்த வீடு இதுதான்.

நீண்ட அலைக்கு நீண்ட ஏரியல் வேண்டும். ஒழுங்காக ஒரு கம்பம் நட வேண்டும் என்றால் 40 மீட்டர் உயரம் தேவை. பன்னிரண்டு மாடி உயரம்! சொந்த வீட்டில் யாரால் முடியும்? ஆகவே மரத்துக்கு மரம் கம்பி கட்டுகிறார்கள். பட்டத்தில் கம்பியைக் கட்டி மேலே பறக்க விட்டவர்களும் உண்டு.

இரவின் அதிசயம்

மத்திய அலை ரேடியோ வைத்திருந்த வீடுகளில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பகலில் பக்கத்து நிலையம்தான் கேட்கும். இருட்டிய பிறகு முள்ளைத் திருப்பினால் எங்கெங்கோ உள்ள நிலையங்கள் வரும். புரியாத மொழியில் பாட்டு வரும். பொழுது விடிந்தால் எல்லாம் மறைந்து விடும்.

இதற்குக் காரணம் சூரியன்தான்.

நம் தலைக்கு மேலே 60 முதல் 90 கிலோ மீட்டர் உயரத்தில், சூரிய ஒளி பட்டு மின்சாரம் ஏறிய ஒரு காற்றுப் படலம் இருக்கிறது. தாழ்ந்த அலைகளை அது பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல உறிஞ்சி விடும். சூரியன் மறைந்ததும் இந்தப் பஞ்சு கலைந்து போகிறது. அலை மேலே ஏறுகிறது. இன்னும் உயரத்தில், சுமார் 300 கிலோ மீட்டரில், வேறொரு படலம் இரவிலும் கலையாமல் இருக்கிறது. அது கண்ணாடி மாதிரி. அலை அதில் பட்டுத் திரும்பிப் பூமிக்கு வருகிறது. மறுபடி மேலே போகிறது. இப்படிக் குதித்துக் குதித்துக் கடலைத் தாண்டி விடுகிறது.

ஆக, பேசும் இருவருக்கும் இடையே வழி நெடுக இருட்டு இருக்க வேண்டும். ஒருவர் ஊரில் பொழுது விடியப் போகிறது, மற்றவர் ஊரில் இன்னும் இரவு என்றால், அந்தச் சில நிமிடங்களில் ஒலி திடீரென்று ஓங்கும். விடிந்ததும் அறுந்து விடும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோழி கூவும் நேரத்தில், ஆஸ்திரேலியாக்காரர் ஒருவரின் ஒலி இப்படி வந்து போவது உண்டு. ஹாம்கள் கடிகாரத்தை வைத்துக் கொண்டு இந்த நிமிடங்களுக்காகக் காத்திருப்பார்கள். பேசுவதற்கு நேரம் இருக்காது. பெயர் அடையாளம், "நன்றாகக் கேட்கிறது" என்ற ஒரு வார்த்தை, அதோடு சரி.

குளிர்காலம்தான் இதற்கு உகந்த பருவம். இரவு நீளம். இடி மின்னலும் குறைவு. மின்னல் ஒவ்வொன்றும் இந்த அலையில் "படபட" என்று கேட்கும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் ஆண்டில் பல மாதங்கள் அந்தப் படபடப்பு ஓயாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்தப் பைத்தியம் அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடாரத்தில் கேட்ட ஒலி

இந்த ஆசை இன்று நேற்று வந்தது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

1912-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. நல்ல அலைகளை எல்லாம் கடற்படையும் கம்பெனிகளும் எடுத்துக் கொண்டன. "200 மீட்டரும் அதற்குக் குறைவானதும் உங்களுக்கு" என்று அமெச்சூர்களுக்கு ஒதுக்கி விட்டார்கள். அந்த அலைகள் ஊர் எல்லையைத் தாண்டாது. ஒன்றுக்கும் உதவாது என்று அப்போது பெரியவர்கள் நினைத்தார்கள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்குக் கிடைத்த இலை மாதிரிதான்!

அமெச்சூர்கள் சோர்ந்து விடவில்லை. இந்த அலையில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் காட்டுவோம் என்றார்கள். 1921 பிப்ரவரியில் அமெரிக்கர்கள் ஒலி அனுப்பினார்கள். இங்கிலாந்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

கோளாறு அனுப்புவதிலா, கேட்பதிலா? கேட்பதில்தான் என்று அமெரிக்க அமெச்சூர் சங்கத்துக்குச் சந்தேகம். பால் காட்லி என்ற கெட்டிக்காரரைக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். அவர் ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராசன் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். ஊருக்கு வெளியே ஒரு வயலில் கூடாரம் அடித்தார். சுமார் 400 மீட்டர் நீளத்துக்குத் தாழ்வாக ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார். டிசம்பர் மாதம். மழை, காற்று, எலும்பை உறைய வைக்கும் குளிர்! விளக்கை வைத்துக் கொண்டு, கோட்டை இழுத்து மூடிக் கொண்டு, இரவு இரவாகக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார்.

ஒலி வந்தது!

சுமார் 5 ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் என்ற ஊரில், அமெச்சூர்கள் சேர்ந்து ஒரு நிலையம் கட்டியிருந்தார்கள். பின்னாளில் எப்.எம். ரேடியோவைக் கண்டுபிடித்த எட்வின் ஆம்ஸ்டிராங் அதைக் கட்டியவர்களில் ஒருவர். அந்த நிலையத்தில் இருந்து வந்த முழுச் செய்தி ஒன்றைக் காட்லி எழுதி எடுத்தார். பிறகு வேறு பல நிலையங்களும் கேட்டன. இங்கிலாந்து அமெச்சூர்கள் சிலரும் தங்கள் வீட்டில் இருந்தே கேட்டு விட்டார்கள்.

உதவாது என்று ஒதுக்கிய அலை கடலைத் தாண்டி விட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிப்ரவரியிலும் அதே கடல்தான், அதே வானம்தான். நல்ல அனுப்பும் கருவி மட்டும் இந்த வெற்றியைத் தரவில்லை. நல்ல காதும், இரைச்சல் இல்லாத ஒரு வயலும் சேர்ந்து தந்தன.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு, 1923 நவம்பரில், பிரான்சு நாட்டு அமெச்சூர் ஒருவரும் அமெரிக்க அமெச்சூர் ஒருவரும் இன்னும் சிறிய அலையில், சுமார் 100 மீட்டரில், இரு பக்கமும் பேசிக் கொண்டார்கள். பிறகு எல்லோரும் சிற்றலைக்கு ஓடினார்கள். அங்கே சின்னக் கம்பி போதும். சிறிய மின்சாரம் போதும். பழைய அலை பாழடைந்த வீடு போல ஆயிற்று.

ஒரு சிலர்தான் அதை விடவில்லை. அவர்களில் முதல்வர் ஸ்டூ பெரி என்ற அமெரிக்கர். பாஸ்டன் நகரத்தை அடுத்த வின்திராப் என்ற கடற்கரை ஊரில் இருந்தார். 1930-ஆம் ஆண்டுகளிலேயே கடல் தாண்டும் சோதனைகளை நடத்தினார். போர் வந்தது. கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் வழிகாட்டும் "லோரான்" என்ற கருவி இந்த அலையைப் பிடித்துக் கொண்டது. போர் முடிந்த பிறகும் அது போகவில்லை. அமெச்சூர்கள் குறைந்த மின்சாரத்தில், மூலையில் ஒதுங்கி நின்றுதான் பேச முடிந்தது. அமெரிக்காவில் அந்த லோரான் 1980 முடிவில்தான் நின்றது. அப்படிப்பட்ட காலத்திலும், இந்த அலையில் 100 நாடுகளைப் பிடித்த முதல் மனிதர் என்ற பெயரைப் பெரி வாங்கினார்.

சூரியன் ஓய்வு எடுக்கப் போகிறது

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம்.

சூரியனுக்குக் கொந்தளிக்கும் காலம் உண்டு. ஓய்ந்திருக்கும் காலமும் உண்டு. சுமார் 11 ஆண்டுக்கு ஒரு சுற்று. இப்போது நடக்கும் சுற்று 2019 டிசம்பரில் தொடங்கியது. உச்ச நிலைக்கு வந்து விட்டது என்று 2024 அக்டோபரில் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் பெரிய சூரியப் புயல் அடித்தது. வழக்கமாகத் துருவங்களுக்குப் பக்கத்தில் தெரியும் வண்ண ஒளி, நமது லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் கூட வானத்தைச் சிவப்பாக்கியது.

கொந்தளிப்பு சிற்றலைக்கு நல்லது. தாழ்ந்த அலைக்குக் கெடுதல். சூரியப் புயல் வீசினால், துருவத்தின் பக்கமாகப் போகும் தாழ்ந்த அலை வழியிலேயே செத்து விடும். ஆகவே இந்த ஹாம்கள் சூரியன் ஓய்வதற்காகக் காத்திருக்கிறார்கள். அடுத்த ஓய்வு 2030 வாக்கில் வரும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வானம் கதவைத் திறக்கப் போகிறது. ஆனால் வாசலில் நின்று கேட்க முடியுமா? அதுதான் இன்றைய கேள்வி.

வீட்டுக்குள் சந்தை

உங்கள் பாட்டி மெல்லிய குரலில் ஏதோ சொல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வீடு அமைதியாக இருந்தால் அடுத்த அறையில் கேட்கும். அதே நேரத்தில் வாசலில் ஒலிபெருக்கி அலறினால்? பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாலும் கேட்காது. பாட்டியின் குரல் குறையவில்லை. இரைச்சல்தான் கூடி விட்டது.

தாழ்ந்த அலைக்கு இதுதான் நேர்ந்திருக்கிறது.

பழைய குண்டு விளக்கு மின்சாரத்தை அப்படியே வாங்கி எரிந்தது. எல்.இ.டி. விளக்கு அப்படி அல்ல. அதற்குள் ஒரு சின்ன யந்திரம் இருக்கிறது. மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சிறிதாக்கிக் கொடுக்கிறது. கத்திரிக்காய் நறுக்குவது போல! அப்படி வெட்டும்போதெல்லாம் ஒரு சின்ன ரேடியோ அலை கிளம்பும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சாரக் கம்பியே அதற்கு ஏரியல். செல்போன் சார்ஜர், டெலிவிஷன், கம்ப்யூட்டர், சுழலும் வேகத்தை மாற்றும் மோட்டார் எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன. நன்றாகச் செய்த கருவியில் இந்த அலையை அடக்கும் உறுப்பு உள்ளேயே இருக்கும். மலிவான கருவியில் அது இருப்பதில்லை. சில பைசா மிச்சம்!

சூரியத் தகடும் அப்படித்தான். தகடு தானாக ஒரு சத்தமும் போடாது. அதனுடன் சேர்ந்த மின்மாற்றிப் பெட்டியும், சில இடங்களில் ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் பொருத்தும் சின்னப் பெட்டியும்தான் கத்துகின்றன. மாடியில் இருந்து கீழே வரும் நீண்ட கம்பிகள் அதை நாலு தெருவுக்குப் பரப்புகின்றன. நல்ல வேளையாக, இரவில் வெயில் இல்லாததால் பெரும்பாலான பெட்டிகள் தூங்கி விடும். ஆனால் விடியும் நேரமும் அந்தி நேரமும்தான் ஹாமுக்குப் பொன்னான நேரம் என்று முன்பே சொன்னோம். பெட்டி கண் விழிப்பதும் ஏறக்குறைய அதே நேரம்!

1 கோடி வீடுகளின் மாடியில் சூரியத் தகடு வைப்பது என்று நம் நாட்டில் 2024 பிப்ரவரியில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நல்ல திட்டம். மின்சாரக் கட்டணம் குறையும். யாரும் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பெட்டி வாங்கும்போது அது சத்தம் போடாத பெட்டியா என்று கேட்க வேண்டியவர்கள் கேட்டார்களா என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் வருகிறது. மின்சாரக் காருக்குக் கம்பி சொருகாமலே மின்சாரம் ஏற்றும் முறை. தரையில் ஒரு பலகை. காரை அதன் மேல் நிறுத்தினால் போதும். அதற்கு வினாடிக்கு 85 ஆயிரம் தடவை அதிரும் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது ரேடியோ அலைதான். பல கிலோ வாட் சக்தி! அதன் மடங்குகள் மேலே மேலே போய் ஹாம்களின் அலைகளிலும் விழும். 2019-ல் எகிப்து நாட்டின் ஷார்ம் எல் ஷேக் நகரத்தில் உலக ரேடியோ மகாநாடு நடந்தபோது இதைப் பற்றிப் பேசினார்கள். இதற்காக உலக விதிகளை மாற்றுவது இல்லை என்று முடிவு செய்தார்கள். அதாவது, கட்டுப்பாடு அந்தந்த நாட்டின் பொறுப்பு.

கார் ரேடியோவின் கதை

"பொழுதுபோக்குக்காரர்களின் தொல்லை நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். மின்சாரக் கார் செய்யும் கம்பெனிகள் சில, காரில் இருந்த மத்திய அலை ரேடியோவை எடுத்து விட்டன. மோட்டாரின் இரைச்சல் ரேடியோவைக் கெடுக்கிறது என்று காரணம் சொன்னார்கள். இரைச்சலை அடக்குவதை விட ரேடியோவை எடுப்பது அவர்களுக்குச் சுலபமாகப் போயிற்று! ஃபோர்டு கம்பெனியும் எடுக்கப் போவதாகச் சொன்னது. ஆனால் புயல், வெள்ளம் வந்தால் அரசாங்கம் மக்களை எச்சரிப்பது மத்திய அலையில்தான். பாராளுமன்ற உறுப்பினர்கள் கூச்சல் போட்டார்கள். 2023 மே மாதத்தில் ஃபோர்டு தன் முடிவை மாற்றிக் கொண்டது. எல்லாக் காரிலும் மத்திய அலை ரேடியோ இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஒரு மசோதாவும் கொண்டு வந்தார்கள்.

மத்திய அலைக்கு நேர்ந்ததுதான் அதன் அடுத்த வீட்டுக்காரரான ஹாமுக்கும் நேர்கிறது. பல ஆயிரம் வாட் சக்தியுள்ள பெரிய நிலையத்துக்கே இந்தக் கதி. கொசுவின் குரலுக்கு யார் கூச்சல் போடுவார்கள்?

அளவு எடுத்துக் காட்டலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம். ஊர்களில் மனிதன் உண்டாக்கும் ரேடியோ இரைச்சல் எவ்வளவு என்பதற்கு உலக ரேடியோ அமைப்பு வைத்திருக்கும் கணக்கு, 1970-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் எடுத்த அளவுகளை அடிப்படையாகக் கொண்டது. எல்.இ.டி. விளக்கும் செல்போனும் இல்லாத காலம்! 2016-ல் அமெரிக்க அரசாங்க ஆணைக்குழு ஒன்று, "இரைச்சல் கூடி விட்டதா?" என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஜெர்மனியில் அமெச்சூர் சங்கத்தாரே பல ஊர்களில் அளவுக் கருவிகளை வைத்துக் கணக்கு எடுக்கிறார்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைச் சங்கம் செய்கிறது.

மூன்று நிமிட மவுனம்

மெல்லிய குரலுக்காக உலகமே வாயை மூடிக் கொண்ட காலம் ஒன்று உண்டு.

1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கும்போது உதவி கேட்டுக் கூவியது 600 மீட்டர் அலையில். பின்னர் அதுவே உலகக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ஆபத்து அலை ஆயிற்று. அதில் பேச்சு அதிகம். அந்தச் சந்தடியில், எங்கோ மூழ்கும் சின்னக் கப்பலின் குரல் கேட்காமல் போய் விடக் கூடாது அல்லவா? ஆகவே ஒரு விதி செய்தார்கள். மணிக்கு இரண்டு தடவை, 15-வது நிமிடத்தில் இருந்து 18-வது நிமிடம் வரைக்கும், 45-வது நிமிடத்தில் இருந்து 48-வது நிமிடம் வரைக்கும், எல்லாக் கப்பலும் எல்லாக் கரை நிலையமும் மவுனமாக இருக்க வேண்டும். காதை மட்டும் திறந்து வைக்க வேண்டும். கப்பல் ரேடியோ அறைக் கடிகாரங்களில் அந்த மூன்று மூன்று நிமிடங்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார்கள்.

1999 பிப்ரவரியில் கப்பல்களுக்குச் செயற்கைக் கோள் முறை முழுமையாக வந்தது. பழைய ஆபத்து அலைக்கு வேலை போயிற்று. அதன் பக்கத்தில் கிடந்த ஒரு துண்டை, 630 மீட்டர் அலையை, 2012-ல் ஜெனீவா மகாநாடு அமெச்சூர்களுக்குக் கொடுத்தது. அதற்கு முன்பே, 2007-ல், 2,200 மீட்டர் என்ற மிக நீண்ட அலையில் ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள்.

கொடுத்தார்களே தவிர, தாராளமாகக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 2017-ல்தான் அனுமதி வந்தது. 2,200 மீட்டரில் ஏரியலில் இருந்து வெளியே போகும் சக்தி 1 வாட்டுக்கு மேல் கூடாது. 630 மீட்டரில் 5 வாட். ஒரு சின்ன இரவு விளக்கின் சக்தி! அது மட்டுமா? மின்சாரக் கம்பெனிகள் தங்கள் பெரிய கம்பிகளிலேயே இந்த அலைகளை ஓட்டிக் கட்டுப்பாட்டுச் செய்தி அனுப்புகின்றன. ஆகவே ஹாம் முதலில் மின்சாரக் கம்பெனிகளின் சங்கத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 1 கிலோ மீட்டருக்குள் அப்படிப்பட்ட கம்பி இருந்தால் அனுமதி இல்லை. 30 நாள் பொறுத்து, மறுப்பு வராவிட்டால் தொடங்கலாம்.

5 வாட் அனுப்பும் ஹாமுக்கு இத்தனை விதி. தெரு முழுக்க இரைச்சல் கொட்டும் மலிவு விளக்குக்கு? அதற்கும் விதி உண்டு, ஏட்டில் இருக்கிறது. கடையில் பார்த்துப் பிடிக்க ஆள் போதாது. இந்த நியாயம் நமக்குச் சரியாகப் படவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது, சண்டையும் வந்தது

ஹாம்கள் கையைக் கட்டிக் கொண்டு இருக்கவில்லை. இரைச்சலுக்கு அடியில் புதைந்த ஒலியைத் தோண்டி எடுக்கக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டார்கள்.

ஜோ டெய்லர் என்ற அமெரிக்கர் 1993-ல் பவுதிகத்துக்காக நோபல் பரிசு பெற்றவர். வானத்தில் ஒன்றை ஒன்று சுற்றும் விண்மீன் ஜோடியைக் கண்டு ஆராய்ந்ததற்காக அந்தப் பரிசு கிடைத்தது. அவரும் ஒரு ஹாம்! விண்மீன்களின் மெல்லிய குரலைக் கேட்ட அனுபவத்தை வைத்து, ஹாம்களுக்காகவும் கம்ப்யூட்டர் முறைகளைச் செய்து கொடுத்தார். 2017-ல் அவரும் ஒரு நண்பரும் சேர்ந்து வெளியிட்ட முறையில், 15 வினாடிக்கு ஒரு தடவை இரு பக்கமும் மாறி மாறிச் செய்தி போகிறது. மனிதக் காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் இடத்தில், கம்ப்யூட்டர் ஒரு பெயரை எழுதிக் காட்டுகிறது.

இளைஞர்கள் துள்ளிக் குதித்தார்கள். கிழவர்கள் முகம் சுளித்தார்கள். "கேட்டது நீயா, பெட்டியா?" என்று கேட்கிறார்கள். காட்லியின் கூடாரத்தை நினைத்துப் பார்த்தால் கிழவர்களின் வருத்தம் புரிகிறது. ஆனால் நகரத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஏழை ஹாமுக்கு வேறு வழி என்ன?

பணக்கார ஹாமுக்கு வேறு வழி இருக்கிறது. காட்டில், மின்சாமான் இல்லாத இடத்தில், பெரிய ஏரியல் நட்டு ஒரு நிலையத்தைக் கட்டி வைக்கிறார்கள். அதை இன்டர்நெட் மூலம் வீட்டில் இருந்தே ஓட்டலாம். நிலையத்தை வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. 2015-ல் அமெரிக்கச் சங்கம் இந்த முறையை ஒப்புக் கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை: அனுப்பும் கருவியும் கேட்கும் கருவியும் 500 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டில் இருந்து அனுப்பி, வேறு நாட்டில் உள்ள கருவியில் கேட்டால் அது மோசடி. அப்படிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று ஹாம்களுக்குள்ளே ஓயாத சண்டை!

காது இருந்தால்தான் உதவி

2004 டிசம்பரில் நம் நாட்டு ஹாம் குழு ஒன்று, வெளிநாடுகளுடன் பேசுவதற்காக அந்தமானுக்குப் போயிருந்தது. 26-ந் தேதி காலை பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது. தொலைபேசி செத்தது. பொழுதுபோக்குக்குப் போன அந்தக் குழுதான், தீவில் உள்ளவர்களைப் பற்றி வெளியே செய்தி சொல்லிக் கொண்டிருந்தது. அவர்கள் பேசியது சிற்றலையில். எந்த அலையானாலும் மறுபக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து கேட்க ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா?

பரிகாரம் பெரிய செலவு பிடிப்பது அல்ல. கம்ப்யூட்டர் கம்பியின் நுனியில் கறுப்பாக, குண்டாக ஓர் உருளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு வைத்தது அல்ல. உள்ளே ஃபெரைட் என்ற காந்த வளையம் இருக்கிறது. கம்பி வழியாக ரேடியோ இரைச்சல் வெளியே போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஹாம்கள் அந்த வளையங்களைப் பை நிறைய வாங்கி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் சூரியப் பெட்டிக் கம்பியில் இதை மாட்டட்டுமா?" என்று கெஞ்சுகிறார்கள். கம்பெனியிலேயே மாட்டி அனுப்பினால் வேலை சுலபம்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசியில், ஸ்டூ பெரி பெயரால் 160 மீட்டர் அலையில் ஒரு போட்டி நடக்கிறது. எத்தனை பேருடன் பேசினோம் என்பது மட்டும் அதில் கணக்கு இல்லை. எவ்வளவு தூரம் என்று கிலோ மீட்டரை அளந்து புள்ளி தருகிறார்கள்.

வீட்டில் பழைய மத்திய அலை டிரான்சிஸ்டர் இருந்தால் நீங்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரவு சாப்பாடு முடிந்த பிறகு அதைத் திறந்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். பிறகு அதைக் கையில் எடுத்துக் கொண்டு அறை அறையாக நடந்து போங்கள். விளக்கின் கீழே, டெலிவிஷன் பக்கத்தில், சார்ஜர் அருகில் காட்டுங்கள். எங்கே "கர்ர்" என்று கத்துகிறதோ, அந்தச் சாமானை நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றையும் நிறுத்தியும் கத்தினால், அது அடுத்த வீட்டில் இருந்து வருகிறது.